சொன்னவளுக்கு மட்டும்

பாலக்கரை, திருச்சி
3 ஜூலை 2025

முருகானந்தம் சார் அவர்களுக்கு,

சார்ட் பேப்பரில், மார்க்கர் பேனாவால், பக்கத்துக்கு ஏழு வரியாக ஒரு கடிதம் வந்திருக்கிறதே என்று யோசிப்பீர்கள். எனக்குப் பார்வை குறைவு. விழித்திரையில் கோளாறு. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, அதுவும் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தால், உங்களைவிட வேகமாகப் படிப்பேன். வெள்ளைத் திரை என்றால் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் ஆகிவிடும்.

உங்கள் வலைத்தளத்தில் புகார் எழுதும் படிவம் வெள்ளையில் எறும்பு எழுத்தாக இருக்கிறது. தட்டுத் தடுமாறி இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ‘முப்பது நாளாக அசைவில்லை, மூடப்படுகிறது’ என்று ஒரு இயந்திரம் மூடிவிட்டது. தபாலை அது மூடாது என்பதால் இப்படி எழுதுகிறேன். முகவரி நீங்கள் நடத்திய முகாம் நோட்டீஸில் இருந்தது.

விஷயம் இதுதான். நான் பதினொரு வருடமாக டி.டி.பி. வேலை செய்கிறவள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கிளமென்ட் சார் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே புத்தகங்களைப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். கணினியில் இருப்பது உங்களுடைய ‘கூடம்’ டெஸ்க்டாப், திரையையும் ஜன்னல்களையும் நடத்துகிற மென்பொருள். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும், எழுத்தைப் பெரிதாக்கவும் நல்ல வசதி. ஒரு இடத்தில் கறுப்பு, மஞ்சள், நாற்பது பாயிண்ட் என்று வைத்தால் எல்லா ஜன்னலும் கேட்கிறது. ஒன்றைத் தவிர. பக்கம் அமைக்கிற ‘அச்சாணி’ மட்டும் கேட்காது. அது ‘தெப்பம்’ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் குழுவினர் செய்ததாம். அதற்குத் தனியாகப் பதினோரு இடத்தில் மாற்ற வேண்டும். மறுநாள் திறந்தால் மறுபடி வெள்ளை. அதனால் அந்த ஜன்னலை நான் மூடுவதே இல்லை. கரண்ட் போனால் அன்றைய காலை போச்சு.

செப்டம்பர் 15 முதல் எல்லாரும் அச்சகத்துக்கே வந்து வேலை செய்ய வேண்டும் என்று கிளமென்ட் சார் சொல்லிவிட்டார். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். காலையில் பானுப்ரியா என்று ஒரு பெண், மதியம் நான். தினமும் அவள் மூடிய பிறகு திறந்து, பதினோரு இடத்தில் மாற்றி, நான் எப்போது பக்கம் அமைப்பது? முடியாவிட்டால் தாள் மடிக்கிற பகுதிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். மடிப்பது கேவலம் இல்லை. ஆனால் அது என் தொழில் இல்லை.

சரிசெய்து கொடுங்கள். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

சுராயா

*

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
9 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சுராயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். ‘கூடம்’ யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இதில் எல்லாரும் தன்னார்வலர்களே. தாங்கள் குறிப்பிட்ட ‘அச்சாணி’ எங்களுடையது அன்று. எங்கள் செட்டிங்கை அது படிக்காதது அவர்கள் பிழை. ‘தெப்பம்’ குழுவை நடத்தும், காட்டூரில் உள்ள திருமதி ஆனந்தவள்ளியை அணுகவும். மேற்கொண்டு ஏதும் இருப்பின் வலைத்தளப் படிவம் வழியாகவே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெ. முருகானந்தம்
தலைமைப் பராமரிப்பாளர், கூடம்

*

பாலக்கரை
14 ஜூலை 2025

முருகானந்தம் சார்,

பத்து பாயிண்ட் எழுத்தில் பதில் போட்டிருக்கிறீர்கள். நான் பார்வை குறைந்தவள் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். என் தங்கை ஸஹ்ரா வாசித்துக் காட்டினாள். ‘படிவம் வழியாகவே’ என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கடிதம் முப்பத்திரண்டு பாயிண்டில் இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி துவாக்குடி பஸ் பிடித்துக் காட்டூருக்குப் போனேன். ஆனந்தவள்ளி அம்மா டீ கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “அது அவங்க பிழைங்க, ஸ்ரீரங்கத்துல சொல்லுங்க” என்றார். நீங்கள் எழுதிய அதே வாக்கியம். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தீர்களா?

நான் எழுந்திருக்கவில்லை. “மாத்தி வச்சா மறுநாள் ஏன் நிக்க மாட்டேங்குது, அதையாவது சொல்லுங்க” என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அச்சாணி எழுதித்தான் வைக்குது. கூடம் ஒவ்வொரு தடவை தொடங்குறப்பவும் தன்னோடது இல்லாத குறிப்பையெல்லாம் துடைச்சிடுது. ரெண்டாயிரத்துப் பதினேழுல அப்படித் துடைக்கச் சொல்லி நிரல்ல ஒரு வரி எழுதினது அவர்தான். கேட்டுப் பாருங்க.”

கேட்கிறேன். எட்டு வருடமாக என் செட்டிங்கை ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்தது நீங்களா?

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. “அவங்க செட்டிங்க நீங்க ஏன் படிக்கக் கூடாது?” என்றதற்கு, “படிக்க மாட்டோம்” என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டால் பிஸ்கட் தட்டை நீட்டுகிறார்.

சுராயா

*

ஸ்ரீரங்கம்
20 ஜூலை 2025

சுராயா மேடம்,

முப்பத்திரண்டு பாயிண்ட். ஒன்பது தாள் ஆகிறது. சரிதானா பாருங்கள்.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். உங்களை ஆனந்தவள்ளி அனுப்பினாரா? 2017 விவகாரம் வெளியாள் ஒருவருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிய நியாயமில்லை.

அந்த வரியை நான்தான் எழுதினேன். மறுக்கவில்லை. அதற்கு ‘துப்புரவு’ என்று பெயரும் வைத்தேன். நானும் அவரும் ஒரே கல்லூரி, ஒரே மேஜை. ‘கூடம்’ நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது. செட்டிங்கை எங்கே வைப்பது என்பதில் தகராறு வந்தது. எல்லாம் ஒரே இடத்தில், ஒழுங்காக இருக்க வேண்டும் என்றேன் நான். ஒவ்வொரு செயலிக்கும் தன் புத்தி இருக்கட்டும் என்றார் அவர். ஒரு நாள் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் ‘தெப்பம்’ தொடங்கிவிட்டார். அன்று இரவு நான் எழுதிய வரி அது. கோபத்தில் எழுதியது. கோபம் போன பிறகும் எடுக்கவில்லை, ஏனென்றால் எடுத்தால் தோற்ற மாதிரி.

நாங்கள் ஒன்றும் முயற்சி செய்யாமல் இல்லை. இரண்டு டெஸ்க்டாப்பும் பொதுவாக ஒரு இடத்தில் செட்டிங்கை எழுதி வைப்பது, எல்லாச் செயலியும் அங்கே போய்க் கேட்டுக்கொள்வது என்று ஒரு ஒப்பந்த வரைவு இருக்கிறது. மூன்று பிரிவுகளில் ஒத்துப்போயாயிற்று. நான்காம் பிரிவில் நிற்கிறது: ‘பயனர் எதுவும் சொல்லாதபோது என்ன செய்வது?’ வெள்ளை, பன்னிரண்டு பாயிண்ட் என்று டெஸ்க்டாப்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் நிலை. செயலியின் இஷ்டம் என்பது அவர்கள் நிலை. எட்டு வருடத்தில் நானூறு மின்னஞ்சல் போயிருக்கும். நான் இறங்கி வர மாட்டேன். இது கொள்கை.

செப்டம்பருக்குள் இது நடக்காது. வேறு நல்ல வழி உங்களுக்குக் கிடைக்கட்டும்.

முருகானந்தம்

*

பாலக்கரை
24 ஜூலை 2025

முருகானந்தம் சார்,

என்னை யாரும் அனுப்பவில்லை. நான் எங்கே போனாலும் என் காலில், என் டிக்கெட்டில் போகிறவள். இன்னொரு தடவை அப்படிக் கேட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் நான்காம் பிரிவை மூன்று தடவை படித்தேன். நல்ல வேளை, முப்பத்திரண்டு பாயிண்டில் போட்டீர்கள், மடத்தனம் தெளிவாகத் தெரிந்தது. எதுவும் சொல்லாதவருக்கு என்ன செய்வது என்று எட்டு வருடமாக நீங்கள் இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள். சார், நான் சொல்லிவிட்டேனே. கறுப்பு. மஞ்சள். நாற்பது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியால் சொல்ல முடியாது. விருந்தில் வாயே திறக்காத ஆளுக்கு என்ன பரிமாறுவது என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். தட்டை நீட்டிக் கேட்டவள் பட்டினி நிற்கிறேன்.

கொள்கை என்கிறீர்கள். பகலில் பதினோரு இடத்தில் மாற்றி வைத்ததை, கரண்ட் போய் வந்த மறுநாள் காலையில் தடவித் தடவித் திரும்ப மாற்றும்போது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். அழுகை இல்லை, கண் கூச்சம். அந்த நேரத்தில், சின்ன எழுத்து போடுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் என்ன திமிர் என்றுதான் தோன்றும். அது பிழை, யாரோ கவனிக்காமல் விட்டது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். இப்போது தெரிகிறது, கோபத்தில் எழுதிய ஒரு வரி. உங்கள் கோபத்தை நான் ஏன் சார் சுமக்க வேண்டும்? நான் உங்களோடு ஒரே மேஜையில் படித்தவளா?

மடிப்புப் பகுதிக்குப் போக மாட்டேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 15 மதியம் அந்த மெஷின் முன்னால் உட்காருவேன், இன்ஷா அல்லாஹ். வெள்ளையாக இருந்தால் வெள்ளையாகவே உட்கார்ந்து, யார் யாரால் இப்படி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பெயரோடு சொல்லுவேன்.

ஒரு வழி சொல்கிறேன். நான்காம் பிரிவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சொன்னவளுக்கு மட்டும் செய்யுங்கள். சொல்லாதவர்களைப் பற்றி இன்னும் எண்பது வருடம் சண்டை போடுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

சுராயா

*

ஸ்ரீரங்கம்
11 ஆகஸ்ட் 2025

சுராயா மேடம்,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இரண்டு வாரம் இருந்தேன். முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் வேலை.

நான்காம் பிரிவை எடுத்துவிட்டேன். ‘துப்புரவு’ வரியையும் எடுத்துவிட்டேன். பயனர் வாய்திறந்து சொன்னதை மட்டும் கூடம் இனி பொது இடத்தில் எழுதி வைக்கும். மொத்தம் நாற்பத்தொரு வரி. எட்டு வருடத்துக்கு நாற்பத்தொரு வரி. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதை ஆனந்தவள்ளிக்கு அனுப்பினேன். கூடவே, ‘இது சொன்னவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரி. மறுநாள் பதில் வந்தது: ‘பார்க்கிறேன்.’ மூன்றாம் நாள், அதை ‘அச்சாணி’ படிப்பதற்கான நிரலை எழுதி அனுப்பிவிட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் குழுவில் பெரிய ரகளை. யாரையும் கேட்காமல் எதிராளிக்குக் கதவு திறந்துவிட்டேன் என்கிறார்கள். என் பராமரிப்பாளர் பொறுப்பைப் பறிக்க ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். இருபது வருடத்தில் எனக்கு யாரும் சார்ட் பேப்பரில் எழுதியதில்லை.

இத்துடன், திருத்திய கூடமும் அச்சாணியும் உள்ள பென் டிரைவ் இருக்கிறது. வீட்டு மெஷினில் போட்டுப் பாருங்கள். நான் சோதித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

முருகானந்தம்

*

பாலக்கரை
18 ஆகஸ்ட் 2025

முருகானந்தம் சார்,

போட்டேன். ‘அச்சாணி’ கறுப்பாகத் திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். கறுப்பு. கணினியையே அணைத்துப் போட்டேன். கறுப்பு. ஸஹ்ராவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே போய்ப் பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள்.

பாயசம் ஆறுவதற்குள் அடுத்த கூத்து. அச்சுக்கு அனுப்பலாம் என்று அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தால், நாற்பது பாயிண்டில் எல்லாம் வீங்கி, ‘சரி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. காணோம். அது தெப்பத்துக்காரர் ஜன்னல். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் செட்டிங் ஜன்னலிலும் ‘சேமி’ கீழே போய்விட்டது.

‘சோதித்துவிட்டேன்’ என்று எழுதினீர்கள். எந்தக் கண்ணால் சோதித்தீர்கள்? பன்னிரண்டு பாயிண்டில் உட்கார்ந்துகொண்டு நாற்பது பாயிண்டைச் சோதித்திருக்கிறீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாலக்கரையில் இறங்கினால், யாரைக் கேட்டாலும் டி.டி.பி. அக்கா வீடு என்று காட்டுவார்கள். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். என் வீடு, என் விருப்பம்.

சுராயா

*

ஸ்ரீரங்கம்
1 செப்டம்பர் 2025

சுராயா அக்கா,

மேடம் என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு சனிக்கிழமை உங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்ட பிறகு அது பொய்யாக இருக்கும்.

உள்ளே நுழைந்து ஆனந்தவள்ளியைப் பார்த்ததும் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன் அல்லவா, அதற்கு மன்னியுங்கள். “வந்தாச்சு, பஸ்சு காத்துக்கிட்டு நிக்கப் போறதில்ல, உட்காருங்க” என்றீர்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி, “டீல சர்க்கரை போடலாமா, டாக்டர் வேண்டாம்னுட்டாரா?” என்பது. இரண்டு கரண்டி என்று விரலைக் காட்டினேன்.

நீங்கள் எங்களைப் பேசவே விடவில்லை. திரையை நாற்பதில் வைத்து, “இதக் கொறைக்காம செய்யுங்க, கொறைச்சா எந்திரிச்சுப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். நாற்பதில் நிரல் எழுதினால் ஒரு தடவைக்கு ஆறு வரிதான் தெரிகிறது. அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் இதில் முந்நூறு பக்கப் புத்தகம் அமைத்திருக்கிறீர்கள். ஆனந்தவள்ளி மெதுவாக, “நாம பண்ணுனது எதுவும் இவங்க திரைல நேரா நிக்கல பாரு” என்றார். நாம என்றார்.

நேற்றோடு இரண்டு ஜன்னலும் சரி. திரைக்குள் அடங்காவிட்டால் உருட்டிப் பார்க்கலாம், பொத்தான் எப்போதும் மேலேயே நிற்கும். புதுப் பென் டிரைவ் இத்துடன். அச்சக மெஷினில் போட கிளமென்ட் சாரிடம் நீங்களே அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஓட்டெடுப்பு முடிந்தது. தோற்றேன். கூடத்தின் சாவி இப்போது என்னிடம் இல்லை. நாங்கள் எழுதியதை ஏற்பதா என்று இனி அவர்கள் முடிவு செய்வார்கள். வெளியில் இருந்தே சண்டை போடுவேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் தலைப்பில் யார் பெயர் முதலில் என்று அவரோடு புதுத் தகராறு. அகர வரிசையில் ‘ஆ’ முதலில் என்கிறார். முதலில் எழுதியவன் நான். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15ஆம் தேதி என்ன ஆயிற்று என்று உடனே எழுதுங்கள்.

முருகானந்தம்

*

பாலக்கரை
17 செப்டம்பர் 2025

முருகானந்தம் தம்பி,

உட்கார்ந்தேன்.

கிளமென்ட் சார் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மடிப்புப் பகுதிக்காரர்கள் நான்கு பேர் ஏதோ வேலையாக வந்ததுபோல் வந்து நின்றார்கள். அதுவரை பானுப்ரியா வேலை செய்த திரை, வெள்ளை வெளேர் என்று. அவள் தன் பெயரில் திறந்திருந்ததை மூடினாள். பென் டிரைவைப் போட்ட அன்றே கூடத்தில் ஒரு தடவை சொல்லி வைத்திருந்த என் பெயரைத் தட்டினேன். முழுத் திரையும் கறுப்பாயிற்று. ‘அச்சாணி’யைத் திறந்தேன். கறுப்பு, மஞ்சள், நாற்பது. ஒரு இடத்தில்கூடக் கை வைக்கவில்லை. ஏழாம் வகுப்பு அறிவியல் கையேட்டில் பதினான்கு பக்கம் முடித்துவிட்டு எழுந்தேன். ‘சரி’ பொத்தான் இருந்த இடத்தில் இருந்தது. கிளமென்ட் சார் கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். மறுநாள் வந்தால், என் பழைய நாற்காலியை வீட்டிலிருந்து எடுத்து வர ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அவருடைய மன்னிப்பு அவ்வளவுதான், எனக்குப் போதும்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நேற்று ஷிஃப்ட் மாறும்போது பானுப்ரியா போகாமல் நின்றாள். இருபத்தாறு வயது, என் கண்ணோடு ஒப்பிட்டால் அவள் கண் ராஜா கண். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து என் காதில், “அக்கா, எனக்கும் கொஞ்சம் பெருசா வச்சுத் தர முடியுமா?” என்றாள். இரண்டு வருடமாகத் தினமும் தலைவலியாம். மாத்திரை போட்டுக்கொண்டு உட்காருகிறாளாம். “ஏம்மா இத்தனை நாள் சொல்லல?” என்றேன். “யாருமே கேக்கலைக்கா. இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்” என்றாள். பதினாறு பாயிண்ட் வைத்தேன். லேசான சாம்பல் பின்னணி. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 

தம்பி, இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. சொல்லாதவர்களை ஓரமாக வையுங்கள் என்று உங்களுக்கு எழுதியவள் நான். தட்டை நீட்டாதவர்களுக்குப் பசி இல்லை என்று நானும் நினைத்துவிட்டேன். தப்பு. உங்கள் வெள்ளையும் தப்பு, அந்த அம்மாவின் ‘செயலியின் இஷ்ட’மும் தப்பு. நான் சொன்னதும் தப்பு.

நான்காம் பிரிவைத் திரும்பத் திறங்கள். வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன்: ‘பயனர் எதுவும் சொல்லவில்லை என்றால், முதல் நாளே அவரிடம் கேட்க வேண்டும்.’ அவ்வளவுதான். புதிதாக வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும், எழுத்து தெரிகிறதா, கண் கூசுகிறதா என்று இரண்டே கேள்வி. பெரிய எழுத்தில் கேளுங்கள். ஆனந்தவள்ளி அம்மாவுக்கும் இதையே எழுதிவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இருவரும் பாலக்கரைக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் குழு ஏற்க மாட்டார்கள் என்பீர்கள். அவர்கள் முகவரியையும் கொடுங்கள். என்னிடம் சார்ட் பேப்பர் நிறைய இருக்கிறது.

தலைப்பில் யார் பெயர் முதலில் என்று தகராறு என்றீர்கள். அகர வரிசையும் வேண்டாம், யார் முன்னால் எழுதியது என்ற கணக்கும் வேண்டாம். முதலில் சுராயா என்று போடுங்கள். அதற்குக் கீழே உங்கள் இருவர் பெயரும் எந்த வரிசையில் வந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

சுராயா